ரஹ்மா கடைப் பானையும் பத்தாவது கட்டமும்

உணவுக்கடைச் சோதனைப் படிவத்தை மாற்றிவிட்டார்கள். என்னோடு வேலை பார்த்த பிள்ளைகள் இருவர் போன வாரம் வீட்டுக்கு வந்து புதிய படிவத்தைக் காட்டினார்கள். தரை, சுவர், தண்ணீர், ஈ, எலி, சமையல்காரரின் நகம் என்று எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது. சுவைக்குக் கட்டம் இல்லை. ஜப்பான்காரன் காலத்தில் சேர்க்கப்பட்டு, பிறகு யாரும் எடுக்க நினைக்காமல் விட்டிருந்த பத்தாவது கட்டமும் இல்லை.

"நல்லதாப் போச்சுண்ணே. இனிமே கண்ட கடையிலயும் வாய வைக்க வேணாம்," என்றான் ஒருவன்.

"அந்தப் பத்தாவது கட்டத்துல 'கை'ன்னு போட்டிருக்குமே, அது என்னண்ணே?" என்றான் மற்றவன். "நாங்க எல்லாக் கடைக்கும் 'சுத்தம்'னு எழுதிட்டு வந்துருவோம்."

நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகு என்னால் தேநீரைக் குடிக்க முடியவில்லை. அந்தக் கட்டத்தில் நான் எழுதிய ஒரே ஒரு சொல்லால் ஒரு பெண்ணின் உயிர் போக இருந்தது. அதை எங்கள் ஊழியர் சங்க மலருக்கு எழுதிக் கொடுங்கள் என்று பிள்ளைகள் கேட்டுக்கொண்டார்கள். எழுதுவதற்கு எனக்கு வேறொரு காரணமும் உண்டு. என் மகள் சபியா அடுத்த மாதம் அதே அலுவலகத்தில் பயிற்சிக்குச் சேர்கிறாள். இது நடந்தபோது அவளுக்கு ஆறு வயது. நடந்ததில் அவளுக்கும் பங்கு உண்டு. அது அவளுக்கு நினைவில்லை. நான் சொன்னதும் இல்லை.

நான் சுகாதார அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தது வெள்ளைக்காரன் காலத்தில். இரண்டு வருடப் பயிற்சியில் சாக்கடை, கொசு முட்டை, பாலில் தண்ணீர் இவற்றைத்தான் அதிகம் பார்த்தேன். உணவுக்கடைச் சோதனையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு வெள்ளைக்கார டாக்டர். பசியோடு கடைக்குப் போகக்கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் வாய் கொப்பளிக்க வேண்டும். மூடியைத் திறந்ததும் முதலில் மூடியை முகர வேண்டும், பிறகுதான் பானையை. ஒரு கரண்டி ஓரத்திலிருந்து, ஒரு கரண்டி அடியிலிருந்து. விழுங்கிய பிறகு முப்பது வரை எண்ண வேண்டும். நாக்கு முதலில் சொல்வதை நம்பக்கூடாது. எண்ணி முடித்ததும், கடை வாசலைத் தாண்டுவதற்கு முன், அங்கேயே உட்கார்ந்து மையால் எழுத வேண்டும். பக்கங்களுக்கு எண் போட்ட தைத்த புத்தகம் அது. கிழித்தால் தெரிந்துவிடும். எழுதியதை அடித்தால் வேலை போய்விடும்.

இந்தப் பழக்கம் என் கையில் ஊறிப்போய்விட்டது. நாக்கு சொன்னதைப் பேனா எழுதும். நடுவில் நான் என்று ஒருவன் இருப்பதில்லை. அதை நான் பெருமையாக நினைத்திருந்தேன்.

மலாக்காவில் காஜா பெராங் சாலையில், கம்போங் செட்டிக்குப் போகும் வழி பிரிவதற்குச் சற்று முன்னால், ரஹ்மாவின் கடை இருந்தது. ஊரில் அதை யூதக் கடை என்பார்கள். ரஹ்மாவின் பூர்வீகம் பாக்தாத். பிறந்து வளர்ந்தது ரங்கூனில், தமிழர் கடைகள் நிறைந்த தெருவில். அதனால் தமிழை நம்மைப் போலவே பேசுவார். ஜவுளி வியாபாரம் செய்த கணவர் மலாக்காவில் இறந்துபோக, பிள்ளைகளும் இல்லாத அந்த அம்மாள் வீட்டின் முன்கட்டையே சாப்பாட்டுக் கடையாக்கினார். நான்கு மேசைகள், ஒரு கண்ணாடி அலமாரி. அலமாரியில் உப்பிட்டு வேகவைத்த மாட்டு நாக்கு, சிவப்பாய் ஊறிய முள்ளங்கி, வெயிலில் வைத்த மாங்காய் ஊறுகாய். பன்றி நுழையாத கடை என்பதால் எங்கள் முஸ்லிம் ஆட்களில் சிலர் போவார்கள். ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணிகளும் கப்பல்காரர்களும் வருவார்கள்.

முதல் நாள் நான் கொப்பளிக்கத் தண்ணீர் கேட்டதும் ரஹ்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சம்பளம் நாக்குக்கா, வயித்துக்கா?"

"நாக்குக்குத்தான் மாமி."

"அப்ப வயித்த வாசல்ல விட்டுட்டு வாங்க. ரெண்டையும் ஒண்ணா கூட்டிட்டு வர்றவன் பொய் சொல்லுவான்."

அந்தக் கடை உணவெல்லாம் உயர்வு என்று சொல்ல மாட்டேன். சமூசா போல மடித்துப் பொரிக்கும் பண்டத்தில் மாவு தடித்திருக்கும். மாட்டு நாக்கில் உப்பு தூக்கல். ஒருமுறை அப்படியே எழுதினேன், இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. பீட்ரூட் போட்ட புளிக் குழம்பில் மிதக்கும் அரிசிமாவு உருண்டைகள் நன்றாக இருக்கும். முழு உருளைக்கிழங்கை மணிக்கணக்கில் எண்ணெயில் சிறுதீயில் விட்டு எடுப்பார். மேலோடு முறுகி, உள்ளே வெண்ணெயாய் இருக்கும். அதற்கு முதல் தரம் கொடுத்திருக்கிறேன்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே சனிக்கிழமைப் பானை. அதை அவர் ஹமீன் என்பார். ஓய்வு நாளில் அவர்கள் நெருப்பைத் தொடக்கூடாது. வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதிலிருந்து சனிக்கிழமை பொழுது சாயும் வரை அந்த விலக்கு. எனவே வெள்ளிக்கிழமை வெளிச்சம் இருக்கும்போதே அரிசி, கோழி, ஏலம், பட்டை, காய்ந்த எலுமிச்சை எல்லாம் போட்டு, மேலே துணியில் கட்டிய முட்டைகளை வைத்து, மூடி விளிம்பில் மாவைப் பூசி அடைத்து, சாம்பல் மூடிய கரியில் விட்டுவிடுவார். மறுநாள் நடுப்பகலில்தான் திறப்பது. முட்டைகள் ஓட்டோடு பழுப்பேறியிருக்கும். அடிச்சோறு காந்தலாகி, ஒரு தட்டுப்போல முழுசாகப் பெயர்ந்து வரும். கருகல் ஒரு புள்ளிகூட இருக்காது. முப்பது எண்ணும்போது, இருபதுக்கு மேல், மூச்சு வெளியேறுகையில் ஏலம் வரும். அதற்கு முன் வராது. அதை வேறு எந்தக் கடையிலும் நான் கண்டதில்லை.

சனிக்கிழமை பானையைக் கரியிலிருந்து இறக்குவது அடுத்த சந்தில் இருந்த மீனாச்சி. கம்போங் செட்டிக்காரி. நெற்றியில் திருநீறும் வாயில் மலாயும். செட்டி மக்களுக்குத் தமிழர் சாமி உண்டு, தமிழ்ப் பேச்சு இல்லை. அவளுக்குத் தெரிந்த தமிழ் பத்துச் சொல் இருந்தால் அதிகம். அவள் இங்கே பேசுவதெல்லாம் மலாயில் பேசியது, தமிழில் நான் எழுதுவது.

மூடிக்கு மாவு பூசும் முன் ரஹ்மா ஒரு சிட்டிகை மாவைக் கிள்ளி, வாய்க்குள் ஏதோ சொல்லி, அவர்கள் மத விதிப்படி நெருப்பில் போடுவார். மீனாச்சிக்கு அது பெரிய வேடிக்கை. என்னை அவள் இன்சே என்பாள், மலாயில் ஐயா.

"பாருங்க இன்சே, அடுப்புக்கும் ஒரு வாய் ஊட்டுது. இந்த வீட்டுல எனக்கு முந்தி அடுப்புதான் சாப்பிடும்."

ஜப்பான்காரன் வந்த பிறகு அந்த மாவு மரவள்ளி மாவாயிற்று. அதற்கு அந்த விதி கிடையாது என்று ரஹ்மாவே சொன்னார். "கை கேக்க மாட்டேங்குது காதர். அது பாட்டுக்குக் கிள்ளுது," என்றார்.

புதிய ஆட்சியில் எங்கள் பகுதிக்கு ஒரு ஜப்பானிய அதிகாரி வந்தார். பெயர் ஓகாவா. ராணுவத்து ஆள் இல்லை. மெலிந்தவர், கண்ணாடி போட்டவர், நாற்பது வயது இருக்கும். சத்தமே போட மாட்டார். ஊரில் மற்ற அதிகாரிகள் கன்னத்தில் அறைந்துகொண்டிருந்த நாட்களில் அவர் எங்களை உட்காரச் சொல்லித்தான் பேசுவார். அதுவே எங்களுக்குப் பயமாக இருந்தது. திங்கட்கிழமை காலையில் என் புத்தகத்தை வாங்கி ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டுப் படிப்பார். உணவின் பெயரை மெல்லச் சொல்லிக் கண்ணை மூடுவார். சில கடைகளுக்குத் தானே போய்ச் சுவைத்துவிட்டு வந்து, நான் எழுதியது சரியென்று கண்டால் அந்த வரியின் ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். சரியில்லை என்றால் புள்ளி இல்லை. அதற்குமேல் ஒரு சொல்லும் இருக்காது.

பத்தாவது கட்டத்தைச் சேர்த்தவர் அவர்தான். "சாமான் குறைந்த காலத்தில் எல்லாக் கடையிலும் ஒரே மரவள்ளிதான்," என்றார் நிதானமான மலாயில். "மிஞ்சுவது கை. சமைத்த கை பழையதா, வேறா? எழுதுங்கள், காதர் சான்."

உணவுக்கடைகளை அவர் மூன்று தரமாகப் பிரித்தார். முதல் தரத்துக்கு அரிசி உண்டு. இரண்டாம் தரத்துக்கு நொய். மூன்றாம் தரத்துக்கு ஒன்றும் கிடையாது. கடைக்காரரின் வீட்டுச் சோறும் அதற்குள்தான். என் வீட்டு அரிசியும் என் வேலையோடு ஒட்டியிருந்தது. சபியா அப்போது மெலிந்து, முழங்கால் மட்டும் தனியாகத் தெரிகிற பிள்ளையாக இருந்தாள்.

ரஹ்மா கடைக்கு ஓகாவாவின் காலத்திலும் முதல் தரம்தான். கோழி இல்லை. அரிசியில் பாதிக்கு மரவள்ளித் துண்டு. முட்டை மீனாச்சியின் வாத்துகள் இட்டது. ஆனாலும் இருபது எண்ணிய பிறகு ஏலம் வந்தது. ஓகாவா மாதம் ஒருமுறையாவது வந்து அந்தப் பானையிலிருந்து சாப்பிடுவார். சபியாவுக்கென்று ரஹ்மா ஒரு பழுப்பு முட்டையைத் துணியில் சுற்றி என் சைக்கிளில் மாட்டி அனுப்புவார்.

பிறகு யூதர்களைப் பிடித்துச் சிங்கப்பூர் முகாமில் அடைக்கிறார்கள் என்று செய்தி வந்தது. மலாக்காவில் அந்தப் பட்டியலில் இருந்தது ஒரே பெயர். லாரி வருவதற்கு முந்திய நாள் ரஹ்மாவைக் காணவில்லை. ஆற்று முகத்துவாரத்தில், கல் மேல், அவருடைய செருப்பும் தலைத்துணியும் மடித்து வைத்தபடி கிடந்தன. உடல் அகப்படவில்லை. நீரில் மூழ்கி இறந்ததாக எழுதி முடித்தார்கள். அந்தத் தாளில் ஓகாவாவும் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு வெகுநேரம் பேனாவை மூடாமல் வைத்திருந்தார்.

கடையை மீனாச்சி நடத்தலாம் என்று அனுமதி கொடுத்தார்கள். மற்றப் பண்டங்கள் நின்றன. சனிக்கிழமைப் பானை மட்டும் தொடர வேண்டும் என்பது ஓகாவாவின் உத்தரவு.

முதல் சோதனைக்குப் போனேன். சோறு குழைந்திருந்தது. ஏலம் மூடியைத் திறந்ததுமே மூக்கில் அடித்தது, பிறகு காணோம். அடியில் கருகல். சுவை, மூன்றாம் தரம். கை, வேறு. நாக்கு சொன்னதைப் பேனா எழுதியது. இறந்தவர் கடை, பாவம் பிழைக்கட்டும் என்று ஒரு தரம் கூட்டிப் போட என் கை வளையவில்லை. கடைக்கு அரிசி நின்றது. மீனாச்சி இரண்டு மாதம் எப்படிச் சமாளித்தாள் என்று நான் கேட்கவில்லை. அந்த வீட்டில் அவளை நம்பி இன்னொரு வயிறு இருந்தது என்பது எனக்கு அப்போது தெரியாது.

மூன்றாம் மாதம் மறுசோதனை, அதற்கென்று மட்டும் கொஞ்சம் அரிசி கொடுத்தார்கள். அது ஒரு சனிக்கிழமை நடுப்பகல். மழை வரும்போலப் புழுங்கியது. கடையில் யாரும் இல்லை. மீனாச்சி பானையை இறக்கி என் முன் வைத்துவிட்டுச் சுவரோரம் நின்றாள். வழக்கமாக வாய் ஓயாதவள் அன்று என் கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாவு அடைப்பை உடைத்து மூடியை முகர்ந்தேன். ஈரச் சோற்று வாசம் மட்டும் இருந்தது. ஓரத்திலிருந்து ஒரு கரண்டி. அடியில் கரண்டியை விட்டதும் காந்தல் முழுசாகப் பெயர்ந்து வந்தது. ஒரு புள்ளி கருகல் இல்லை. விழுங்கிவிட்டு எண்ண ஆரம்பித்தேன். பத்து. பதினைந்து. இருபது. இருபத்திரண்டில் மூச்சு விட்டபோது ஏலம் வந்தது.

 செத்துப்போனவர் சமைத்த சோற்றை நான் விழுங்கியிருந்தேன். முன்கட்டில் அவர் உட்காரும் நாற்காலி காலியாக இருந்தது. எங்கோ பின்னால் ஓட்டுக்கூரையில் முதல் மழைத்துளிகள் விழுந்தன. எழ முடியவில்லை. ஆனால் முப்பது எண்ணி முடித்திருந்தேன். என் கை புத்தகத்தைத் திறந்து எழுதியது. சுவை, முதல் தரம். கை, பழையது.

"என்ன எழுதினீங்க இன்சே?" என்றாள் மீனாச்சி. அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"நல்லா இருக்குன்னு."

"எவ்வளவு நல்லா?"

"முந்தி மாதிரியே."

அவள் முகம் வெளுத்துப்போயிற்று. கடைக்கு நல்ல பெயர் கிடைத்தவளின் முகம் அது இல்லை. நான் எழுந்து பின்கட்டுக்குப் போனேன். அடுப்புச் சாம்பலைக் குச்சியால் கிளறினேன். சுண்டுவிரல் நுனி அளவில், கரியாகிப்போன ஓர் உருண்டை உருண்டு வந்தது. கிள்ளிப் போட்ட மாவு. நாடே பட்டினி கிடக்கும்போது அடுப்புக்கு ஊட்ட மீனாச்சிக்குப் பைத்தியமா?

அடுப்புக்கு நேர் மேலே பரண். பழைய ஜவுளி மூட்டைகளை அடுக்கிய பலகைத் தட்டு. நான் அண்ணாந்து பார்க்கவில்லை. பார்த்தால் பார்த்தவன் ஆகிவிடுவேன். கையில் இருந்த புத்தகம் கனத்தது. எண் போட்ட பக்கம். மை காய்ந்துவிட்டது. திங்கட்கிழமை காலை ஓகாவாவின் விரல் அந்த வரியைத் தொடும்.

அடுப்பைப் பார்த்தபடியே உரக்கப் பேசினேன். தமிழில்.

"தப்பு பண்ணிட்டேன். பழைய கைன்னு எழுதிட்டேன். திங்கக்கிழமை ஓகாவா துவான் படிப்பார். அடுத்த சனி அவரே வருவார். சோறு குழையணும். உப்பு தூக்கலா இருக்கணும். அடி கருகணும். நல்லா வச்சா எல்லாரும் போயிடுவோம். விளங்குதா?"

மீனாச்சி என்னையே பார்த்தாள். "அலாமா! இன்சே, யார்கிட்ட பேசுறீங்க? எனக்குத்தான் தமிழ் தெரியாதே."

மேலே ஒரு பலகை மெல்ல முனகியது. யாரோ ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் திரும்பிப் படுத்தது போல. பிறகு மழை பிடித்துக்கொண்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தை மழையில் தொலைத்துவிடலாமா என்று யோசித்தேன். சைக்கிளோடு சாக்கடையில் விழலாமா என்றும் யோசித்தேன். என் மனைவி, புத்தகம் தொலைந்தால் முதலில் யாரைக் கேட்பார்கள் என்று மட்டும் கேட்டாள். பாயில் படுத்திருந்த பிள்ளையைப் பார்த்தாள். நான் எதையும் செய்யவில்லை.

திங்கட்கிழமை ஓகாவா படித்தார். விரல் பத்தாவது கட்டத்தில் வந்து நின்றது.

"பழையது," என்றார்.

"அந்த அம்மாளிடமே பழகியவள், துவான். கை படிந்துவிட்டது. நான் அதைத்தான் சொல்ல வந்தேன்."

"படிந்த கை வேறு, பழைய கை வேறு. உங்களுக்கு அது தெரியும்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சனிக்கிழமை நான் வருகிறேன். உங்களுக்கு ஒரு பெண் பிள்ளை இருக்கிறாள் இல்லையா? அவளையும் அழைத்து வாருங்கள். நம் இருவர் நாக்கும் அலுவலகத்து நாக்கு. பிள்ளையின் நாக்கு அப்படி இல்லை."

சனிக்கிழமை சபியாவைச் சைக்கிள் பாரில் உட்கார வைத்துக்கொண்டு போனேன். மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடாத பிள்ளை வழியெல்லாம் முட்டையைப் பற்றியே பேசினாள். பேசாதே என்று அவளுக்குச் சொல்லிவைக்க வாய் எடுத்தேன். எதைப் பேசக்கூடாது என்று சொன்னால், அது இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். சொல்லவில்லை.

ஓகாவா முன்னமே வந்து உட்கார்ந்திருந்தார். மேசை மேல் தன்னுடைய சாப்பாட்டுக் குச்சிகளைப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்திருந்தார். மீனாச்சி பானையைத் திறந்தாள். கருகல் வாடை. அவர் ஓரத்தில் ஒரு வாய், அடியில் ஒரு வாய் எடுத்தார். கண்ணை மூடினார். நானும் சுவைத்தேன். சோறு களி. உப்பு நாக்கைக் கடித்தது. அடி கரி. நான் கேட்டபடியே எல்லாம் இருந்தது. பழக்கத்தில் எண்ணிக்கொண்டிருந்தேன்.

இருபத்திரண்டில், கரிக்கும் உப்புக்கும் அடியிலிருந்து, ஏலம் வந்தது.

கெடுக்கச் சொன்னேன். எல்லாவற்றையும் கெடுத்தார். அந்த ஒன்று அவர் கைக்கே தெரியாமல் மிஞ்சிவிட்டது. ஓகாவாவின் இமைகள் அந்த நொடியில் அசைந்தன. நான் பார்த்தேன்.

"ஏன் இந்தப் பானையை வெள்ளிக்கிழமையே வைக்கிறாய்?" என்று மீனாச்சியைக் கேட்டார், கண்ணைத் திறக்காமல்.

"வெள்ளிக்கிழமை எங்க மாரியம்மன் நாள் துவான். நல்ல நாளு," என்றாள் அவள், கொஞ்சமும் தயங்காமல்.

அவர் தலையை அசைத்தார். துணி மூட்டையை அவிழ்த்து ஒரு பழுப்பு முட்டையை எடுத்து, மேசையில் தட்டி, தானே ஓட்டை உரித்துச் சபியாவிடம் நீட்டினார். பிள்ளை இரண்டு கையாலும் வாங்கி ஒரு கடி கடித்தாள். அவள் முகம் மலர்ந்ததை எந்தத் தகப்பனும் பார்த்துச் சந்தோஷப்படுவான். நான் ஓகாவாவின் முகத்தைப் பார்த்தேன்.

"அத்தா," என்றாள், வாய் நிறைய முட்டையோடு. "ரஹ்மா மாமி வந்துட்டாங்களா?"

தமிழ் தெரியாதவர்களுக்கும் பெயர் விளங்கும். ஓகாவா என்னைப் பார்த்தார். "என்ன சொல்கிறாள்?"

"பழைய கடைக்காரம்மாவை நினைத்துக்கொள்கிறாள், துவான். அவர்தான் இவளுக்கு முட்டை கொடுப்பார்."

அப்போது பின்கட்டில் மேலே ஒரு சத்தம். பல்லி கத்தியதா, பலகையா, இன்றுவரை என்னால் சொல்ல முடியாது. சபியா தலையைத் தூக்கி மேலே பார்த்தாள். மீனாச்சி பார்த்தாள். ஓகாவா மெல்லத் தலையைத் திருப்பி, பின்கட்டு வாசல் வழியே, பரண் இருக்கும் திசையைப் பார்த்தார். நானும் முதன்முறையாகப் பார்த்தேன். பலகைகளுக்கு நடுவே இருட்டாக ஒரு விரல் அகல இடுக்கு இருந்தது.  பிள்ளை மென்று விழுங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"சிச்சாக்," என்றார் ஓகாவா. மலாயில் பல்லி.

பிறகு குனிந்து அந்தக் கெட்ட சோற்றைச் சாப்பிட ஆரம்பித்தார். கரியோடும் உப்போடும், ஒரு பருக்கை மிச்சமில்லாமல். இரண்டாவது முறையும் போடச் சொன்னார். முடித்துவிட்டுக் குச்சிகளைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். கடைக்கு இரண்டாம் தரம், நொய் கொடுக்கலாம் என்றார். "இனிமேல் ஒவ்வொரு சனிக்கிழமையும் வருவேன்," என்றார். புத்தகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

சொன்னபடியே வந்தார். சண்டை முடியும் வரை ஒரு சனிக்கிழமைகூடத் தவறவில்லை. பரணுக்கு நேர் எதிரே பார்க்கிற நாற்காலியில் உட்கார்ந்து, கெடுத்துச் சமைத்த பானையிலிருந்து இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போவார். ஒன்றும் கேட்கவில்லை. வாராவாரம் அவர் கொண்டுவரும் அதே புத்தகத்தில் நான் எதிரே உட்கார்ந்து 'கை, வேறு' என்று எழுதினேன். அவர் பார்த்துக்கொண்டிருப்பார். மேலே ஒரு பெண் தும்மலை அடக்கிக்கொண்டு படுத்திருப்பார். வெள்ளிக்கிழமைதோறும் கதவைச் சாத்திக்கொண்டு கீழே இறங்கி, தன் பானையைத் தானே கெடுத்து வைத்துவிட்டு ஏறுவார். சில வாரங்கள் கழித்து இருபத்திரண்டில் வந்த அந்த ஏலமும் வராமல் போயிற்று. ஓகாவா அதன் பிறகும் கண்ணை மூடிக் காத்திருப்பார். இரக்கப்பட்டுத்தான் வந்தாரா, அந்தக் கை ஒருநாள் தன்னை மறந்து நல்லபடி வைத்துவிடும் என்று காத்திருந்தாரா, வைத்திருந்தால் என்ன செய்திருப்பார், எனக்குத் தெரியாது. இப்போதும் வீட்டில் யாராவது ஏலம் தட்டினால் எழுந்து வெளியே போய்விடுகிறேன்.

சண்டை முடிந்து ஜப்பான்காரர்களைக் கொண்டுபோன பிறகு, அவர் மேசையிலிருந்து என் புத்தகம் திரும்பி வந்தது. அந்தப் பக்கத்தைத் திருப்பினேன். கை, பழையது. அந்த வரியின் ஓரத்தில் சிறிய சிவப்புப் புள்ளி இருந்தது. அதற்குப் பிறகு நான் எழுதிய 'வேறு' ஒன்றுக்குக்கூடப் புள்ளி இல்லை.

ரஹ்மா பரணை விட்டு இறங்கியபோது சாலை வரை நடக்கக் கால் வரவில்லை. மீனாச்சி சுமந்துகொண்டு போய் வெயிலில் உட்கார வைத்தாள். "அடோய், அடுப்புக்கு ஊட்டி ஊட்டியே நீ எடை ஏறிட்ட," என்று திட்டிக்கொண்டே சுமந்தாள். ஆறு மாதத்தில் கடை மறுபடி திறந்தது. நல்ல அரிசி வந்தது, கோழி வந்தது, கல்கத்தாவிலிருந்து ஏலம் வந்தது. சோதனைக்கு நான்தான் போனேன்.

பானையை அவரே என் முன் வைத்தார். நான் கொப்பளித்தேன். மூடியை முகர்ந்தேன். ஓரத்தில் ஒரு கரண்டி, அடியில் ஒரு கரண்டி. சோறு களி. உப்பு நாக்கைக் கடித்தது. அடி கரி. முப்பது வரை எண்ணினேன். இன்னொரு முறையும் எண்ணினேன்.

ரஹ்மா எனக்கு எதிரே உட்கார்ந்து தானும் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டார். மென்றார். முகத்தில் ஒரு கலக்கமும் இல்லை.

"எப்படி காதர்? முந்தி மாதிரி வந்திடுச்சுல்ல?"

விளையாடவில்லை. உண்மையாகவே கேட்டார். அவருக்குத் தெரியவில்லை.

"வந்திடுச்சு மாமி," என்றேன்.

"எழுதுங்க அப்ப. நான் பாக்கணும்."

புத்தகத்தில் எழுதுவது ஆங்கிலத்தில், அவருக்கு அது படிக்கத் தெரியும். புத்தகத்தைத் திறந்தேன். முதல் முறையாக என் பேனா தானாக நகரவில்லை. பத்தாவது கட்டத்தில் 'பழையது' என்று எழுதினேன். அது உண்மை. அதை அவர் படித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். சுவைக் கட்டத்தின் மேல் என் கட்டைவிரலை வைத்து மறைத்திருந்தேன்.

அந்தக் கட்டம் இன்றும் காலியாக இருக்கிறது. ஏன் நிரப்பவில்லை என்று விளக்கம் கேட்டு மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. நான் பதில் எழுதவில்லை. சம்பள உயர்வு ஒரு வருடம் தள்ளிப்போனதற்கு அதுதான் காரணம் என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். இருக்கலாம்.

பழைய புத்தகங்களை எரிப்பதில்லை. பின்னறை அலமாரியில்தான் இருக்கும். பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு எடுத்துக் காட்டுவார்கள். சபியா என்னைப் போலவே, கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுகிற பெண். எழுதும்போது பேனாவைக் காகிதத்தில் அழுத்திப் பிடிக்கிறாள், அதுவும் என்னைப் போலவே. நேற்று அவளுடைய புதிய நோட்டுப் புத்தகங்களுக்கு உறை போட்டுக்கொடுத்தேன்.

"உங்க புஸ்தகத்த முதல்ல பாக்கப் போறேன் அத்தா. நீங்க ஒரு கட்டம்கூட விட்டதில்லையாமே?" என்றாள்.

"ஒண்ணு விட்டிருக்கேன். பாரு," என்றேன்.